கூட வரும் எடை

தீர்த்தமலைக் கோயிலில் ராமர் தீர்த்தத்தின் கீழே தலையைக் கொடுத்து நிற்பவர்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பாருங்கள். முதல் கணம் எல்லாரும் தோளைக் குறுக்கிக்கொள்வார்கள். குளிர் அப்படி. அடுத்த கணம் முகம் மலர்ந்துவிடும். அங்கே நீர் பாறை முகட்டிலிருந்து சுமார் 30 அடி இறங்கி வருகிறது என்பார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து உச்சந்தலையில் விழுந்தும் அது வலிப்பதில்லை. ஏன் வலிக்கவில்லை என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

30 அடி என்றால் 9 மீட்டர். காற்றை மறந்துவிட்டால், அந்த உயரத்திலிருந்து விழும் எதுவும் கீழே வரும்போது நொடிக்கு 13 மீட்டர் வேகம் பிடித்திருக்கும். நீர் வழியிலேயே சிதறித் துளிகளாகிவிடுகிறது. துளிகளைக் காற்று பிடித்து இழுக்கிறது. அப்படியும் பெரிய துளிகள் நொடிக்கு 8, 9 மீட்டர் வேகத்தில் தலையில் இறங்கும். ஒலிம்பிக் தரத்துக் குத்துச்சண்டை வீரரின் முஷ்டி எதிராளியின் தாடையைத் தொடும் வேகமும் ஏறக்குறைய அதுவேதான்.

ஒரே வேகம். ஒன்றில் புண்ணியம், மற்றதில் ஆஸ்பத்திரி.

வித்தியாசம் எடையில் இருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம். துளி இலேசு, மனிதன் கனம். அது சரிதான், ஆனால் பாதி சரி. ராமர் தீர்த்தத்தில் ஒரு நிமிடம் நின்றால் உங்கள் மேல் குடம் குடமாகத் தண்ணீர் விழுந்திருக்கும். மொத்த எடைக்குக் குறைவில்லை. அது தனித்தனியாக, தவணை முறையில் வருகிறது. ஒவ்வொரு துளியும் தன் எடையை மட்டும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வழிந்து போகிறது. பின்னால் வருகிற துளி முன்னால் போன துளிக்குத் துணையில்லை. குத்தின் அறிவியல் முழுவதும் இந்தத் துணையைப் பற்றியதுதான். படுகிற அந்தக் கணத்தில் எவ்வளவு எடை சேர்ந்து வந்திருக்கிறது?

*

தீர்த்தமலை இருக்கும் அரூர் வட்டாரத்தில் பாறைக்குப் பஞ்சமில்லை. மலையிலிருந்து இறங்கிய அன்று, அடிவாரத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரைக் கண்டு நின்றேன். மெலிந்த உடம்பு. அறுபது வயது தாண்டியிருக்கும். சம்மட்டியைத் தலைக்கு மேல் கொண்டுபோய், ஒரு கணம் அங்கேயே மறந்துவிட்டவர் மாதிரி நிறுத்தி, பிறகு இறக்கினார். முழங்கால் மடங்கியது, இடுப்பு கீழே போனது, சம்மட்டி உளியின் தலையில் விழுந்தது. கை என்ன செய்தது என்றே தெரியவில்லை.

"கை வலிக்காதாங்க ஐயா?" என்று கேட்டேன்.

"கையில அடிச்சா வலிக்கும். நாங்க கையில அடிக்கறதில்ல தம்பி." இன்னொரு அடி போட்டுவிட்டுச் சொன்னார். "படற நேரத்துக்குப் புடிய வுட்டுடணும். இறுக்கிப் புடிச்சா அடி கல்லுக்குப் போவாது, உன் தோளுக்குத்தான் திரும்பும்."

குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம் எதிலாவது ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். அங்கே கேட்கும் அறிவுரை இதற்கு நேர் எதிர். "கைய லூசா வுடு, லூசா வுடு" என்று கத்திக்கொண்டே இருக்கும் கோச், பேக்கில் கை படுகிற கணத்துக்கு மட்டும் "இறுக்கு!" என்பார். கல் உடைப்பவர் கடைசிக் கணத்தில் பிடியை விடுகிறார். குத்துச்சண்டைக்காரர் கடைசிக் கணத்தில் பிடியை இறுக்குகிறார். இருவரும் தங்கள் தொழிலில் கரைகண்டவர்கள். இருவர் சொல்வதும் சரி.

சம்மட்டிக்கு எடை அதன் தலையிலேயே இருக்கிறது. ஐந்து, ஆறு கிலோ இரும்பு. கையின் வேலை அதற்கு வேகம் கொடுப்பதோடு முடிந்தது. இரும்பு கல்லைத் தொட்ட பிறகு கை கூடவே இருந்தால், திரும்பி வரும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளத்தான் உதவும். முஷ்டியின் கதை வேறு. மனிதக் கையில் மணிக்கட்டுக்குக் கீழே உள்ள பகுதியின் நிறை, உடல் எடையில் வெறும் 0.6 சதவீதம் அளவுக்குத்தான். 60 கிலோ ஆளுக்கு 360 கிராம். ஒரு தேங்காய் எடைகூட இல்லை. இந்த 360 கிராமை மட்டும் நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் எறிந்தால் மூக்கில் ரத்தம் வரலாம், ஆள் விழமாட்டார். முன்கை, மேற்கை, தோள் எல்லாம் அந்தக் கணத்தில் முஷ்டியோடு ஒட்டிக்கொண்டு ஒரே கட்டையாக வந்தால்தான் அது சம்மட்டி. ஒட்டவைக்கும் பசை தசையின் இறுக்கம். கடைசிக் கணத்து "இறுக்கு!" அதற்காகத்தான்.

அப்படியானால் தொடக்கத்திலிருந்தே இறுக்கிப் பிடித்துக்கொண்டு குத்தினால் என்ன? புதிதாகச் சேரும் பையன்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். இறுகிய தசை வேகமாக நகராது. கையை நீட்டுகிற தசையும் மடக்குகிற தசையும் ஒரே நேரத்தில் இழுத்தால், ஒரு காலில் ஆக்சிலரேட்டரும் மறுகாலில் பிரேக்கும் மிதித்த கதைதான். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் குழுவினர், கலப்புச் சண்டைக் கலையில் தேர்ந்த ஐந்து வீரர்களின் உடலில் மின்முனைகளை ஒட்டி அளந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில் இந்தத் தாளம் கோடாகவே தெரிந்தது. அடி கிளம்பும்போது தசைகள் ஒருமுறை உச்சத்துக்குப் போகின்றன, நடுவழியில் தளர்கின்றன, இலக்கைத் தொடும்போது மறுபடி உச்சம். இறுக்கம், தளர்வு, இறுக்கம். இரண்டாவது உச்சம் 'பட்டுவிட்டது' என்று உணர்ந்த பிறகு வருவது அல்ல. குத்து தொட்டு விலகுவது நொடியில் நூறில் ஒரு பங்கு சுமாருக்குள் முடிந்துவிடும். தோலில் பட்ட செய்தி நரம்பு வழியே போய்த் திரும்ப அந்த நேரம் போதாது. ஆகவே உடல் தூரத்தை முன்கூட்டியே கணித்து, படுவதற்குச் சற்று முன்பே கட்டளை கொடுத்துவிட வேண்டும். எதிராளி அரை அடி பின்வாங்கினால் அத்தனையும் வீண். ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை பேக்கைக் குத்துவது வலுவுக்காக மட்டும் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பெரும்பகுதி இந்த நேரக்கணக்குக்காகத்தான்.

*

இனி எண்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் உள்ள வேன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், ஒலிம்பிக் தரத்து வீரர்கள் ஏழு பேரை வரவழைத்து, கார் விபத்துச் சோதனைக்குப் பயன்படும் பொம்மையின் தலையைக் குத்தச் சொன்னார்கள். 2005இல் முடிவுகள் வெளிவந்தன. ஏழு பேரும் ஃப்ளைவெயிட் தொடங்கி சூப்பர் ஹெவிவெயிட் வரை வெவ்வேறு எடைக்காரர்கள். முஷ்டியின் வேகம் சராசரியாக நொடிக்கு 9.14 மீட்டர். விசை சராசரியாக 3,427 நியூட்டன், அதாவது ஒரு கணத்துக்கு 350 கிலோவைத் தாடையில் தாங்குவதற்குச் சமம். மூன்றாவது எண்தான் எனக்குப் பிடித்தது. குத்தோடு கூட வந்த நிறை சராசரியாக 2.9 கிலோ.

மூன்று கிலோ கூட இல்லை! 60 கிலோ ஆளின் ஒரு கை முழுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். "உடம்பையே போட்டு அடித்தான்" என்று நாம் சொல்வதெல்லாம் கணக்கில் பார்த்தால் ஒரு செங்கல். அந்தச் செங்கல் 14 அடி உயரத்திலிருந்து முகத்தில் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள், ஆற்றல் சரியாக வரும்.

இந்தச் சராசரிக்குள் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஏழு பேரின் குத்துகளிலும் வேகம் அவ்வளவாக ஏறி இறங்கவில்லை. கூட வந்த நிறைதான் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறியது. கனமான வீரர்கள் பலமாகக் குத்தினார்கள். வேகமாகக் குத்தியதால் அல்ல, அதிக நிறையைச் சேர்த்துக் கொண்டுவந்ததால் என்றே ஆய்வாளர்களும் எழுதினார்கள். இதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1985இல், பிரிட்டனின் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புரூனோவை அளந்தார்கள். அவர் பின்னாளில், 1995இல், உலகப் பட்டமும் வென்றார். அவர் முஷ்டியின் வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். மேலே சொன்ன சராசரியைவிடக் குறைவு. ஆனால் அந்த ஒரு குத்தை ஆய்வாளர்கள் எதற்கு ஒப்பிட்டார்கள் தெரியுமா? 6 கிலோ எடையுள்ள, துணி சுற்றிய மரச் சுத்தியல் மணிக்கு 20 மைல் வேகத்தில் வந்து அடிப்பதற்கு. அடிவாரத்துப் பெரியவரின் சம்மட்டி லண்டன்காரர் தோளில் தொங்கியது.

அப்படியானால் வேகம் முக்கியமில்லையா? இங்கேதான் டீக்கடை விவாதங்கள் தடம் புரளும். ஒரு கட்சி 'உந்தம் என்பது நிறை பெருக்கல் வேகம், ஆகவே இரண்டும் சமம்' என்று சொல்லும். மறு கட்சி 'இயக்க ஆற்றலில் வேகத்துக்கு இருமடி, ஆகவே வேகமே ராஜா' என்று சொல்லும். பள்ளிக்கூட வாய்பாடு இரண்டுமே சரி. ஆனால் இரண்டிலும் குத்து வாங்குகிறவரைக் காணோம். அவரையும் சேர்த்துக் கணக்குப் போடுவோம். மனிதத் தலை சுமார் 5 கிலோ. 3 கிலோ நிறை நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து மோதி, இரண்டும் ஒட்டியபடி நகர்வதாக வைத்துக்கொண்டால், தலை நொடிக்கு 3.4 மீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளப்படும். இந்தத் திடீர் நகர்வுதான் மூளையைக் கபாலத்துக்குள் உலுக்குகிறது. இப்போது வேகத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்டி 12 ஆக்குங்கள்: தலையின் வேகமும் மூன்றில் ஒரு பங்கு கூடி 4.5 ஆகும். வேகத்தை விட்டுவிட்டு நிறையை மூன்றில் ஒரு பங்கு கூட்டி 4 கிலோவாக்கினால்? 4.0தான். நிறையை இரண்டு மடங்காக்கினாலும் 4.9ஐத் தாண்டாது. கூட வரும் எடையைக் கூட்டக் கூட்டப் பலன் குறைந்துகொண்டே போகும். வேகத்துக்கு அந்தத் தடை கிடையாது.

கணக்கில் வேகம் ஜெயிக்கிறது. ஆனால் சந்தையில் வேகம் விலை அதிகம். நொடிக்கு 9 மீட்டரில் போகும் கையை 12க்குக் கொண்டுபோக மனிதத் தசை அவ்வளவு எளிதில் இடம்தராது; வேகமாகச் சுருங்கச் சுருங்கத் தசை தரும் விசை குறையும் என்பது உடலின் விதி. அதே ஆள் 2 கிலோவுக்குப் பதில் 4 கிலோவைக் கூட அழைத்துவரப் பழகுவது பயிற்சியால் ஆகிற காரியம். என் தரப்பைக் கேட்டால், சண்டைக்காரனுக்கு வேகம் பிறவிச் சொத்து, நிறை சம்பாத்தியம்.

*

சம்பாத்தியம் எங்கிருந்து வருகிறது? தரையிலிருந்து.

சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கிக்கொண்டு, சுவரை இரண்டு கையாலும் தள்ளிப் பாருங்கள். சுவர் அசையாது, நீங்கள் பின்னால் ஓடுவீர்கள். நியூட்டனின் மூன்றாம் விதி. கால் ஊன்றாத குத்தும் இந்த நாற்காலி வித்தைதான்: எதிராளியைத் தள்ளுகிற அளவு உங்களையும் தள்ளும். பின்னங்காலின் பாதம் தரையை உதைக்கிறது. தரை திருப்பி உதைக்கிறது. அந்த உதை முழங்கால் வழியாக இடுப்புக்குப் போய், இடுப்பு திரும்பி, தோள் திரும்பி, கடைசியில் கை. கல் உடைத்த பெரியவர் "கையில அடிக்கறதில்ல" என்றது இதைத்தான்.

சோவியத் ஆய்வாளர்கள் 1985இல் குத்துச்சண்டைக்காரர்களின் வலக்கை நேர்க்குத்தைக் கூறுபோட்டு, எந்த உறுப்பின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். தேர்ந்த வீரர்களிடம் காலின் பங்கு 38 சதவீதம், உடற்பகுதி திரும்புவதன் பங்கு 37, கையின் பங்கு வெறும் 24. கற்றுக்குட்டிகளிடம் காலின் பங்கு 17 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கை 38 சதவீத வேலையைச் சுமந்தது. இதன் விளைவை இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. பின்கைக் குத்தில் தேர்ந்த வீரர்கள் 4,800 நியூட்டன், இடைநிலையினர் 3,722, புதியவர்கள் 2,381. ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம்.

தமிழ்நாட்டின் குத்துவரிசையில் கை நீட்டக் கற்றுக்கொடுப்பதற்கு முன் மாதக்கணக்கில் நிலையும் காலடியும் மட்டும் போடவைக்கும் ஆசான்கள் உண்டு. பையன்களுக்கு எரிச்சல் வரும். வடசென்னையிலும் அப்படித்தான். வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்த விளையாட்டை ராயபுரமும் காசிமேடும் தமதாக்கிக்கொண்டு, சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாகப் பிரிந்து மோதிய கதையை 2021இல் பா. ரஞ்சித் 'சார்பட்டா பரம்பரை' படமாக எடுத்தபோது ஊரே பார்த்தது. படத்தில் நாயகன் கபிலனின் முஷ்டியைப் பார்த்தவர்கள் அடுத்தமுறை அவன் பாதத்தைப் பாருங்கள். இந்த வடசென்னை மண்ணின் தொடர்ச்சியில் வந்த வி. தேவராஜன் 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்று, மறு ஆண்டு அர்ஜுனா விருதும் பெற்றார்.

காலைப் பற்றிய ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் டியோன்டே வைல்டர் 2018 டிசம்பரில் டைசன் ஃப்யூரியோடு மோதியபோது அவர் எடை 96 கிலோ, ஃப்யூரி 116. இருபது கிலோ இலேசான வைல்டர், ஃப்யூரியை ஒன்பதாவது சுற்றிலும் பன்னிரண்டாவது சுற்றிலும் தரையில் சாய்த்தார். ஆட்டம் சமன். 2020 பிப்ரவரியில் மறுமோதலுக்கு வைல்டர் எடை ஏற்றிக்கொண்டு 105 கிலோவாக வந்தார். ஏழாவது சுற்றில் தோற்றார். எடை கூடியதால் தோற்றார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஃப்யூரியும் அன்று வேறு ஆளாகத்தான் ஆடினார். ஆனால் தோல்விக்கு வைல்டர் சொன்ன காரணம் உலகத்தையே சிரிக்கவைத்தது: மேடைக்கு நடந்து வரும்போது போட்டிருந்த அலங்கார உடை 40 பவுண்டுக்கு மேல், அது கால்களைக் களைக்க வைத்துவிட்டது என்றார். சாக்குதான். இருந்தாலும், கால் போனால் குத்தும் போகும் என்கிற அளவில் அந்தச் சாக்கின் இயற்பியலில் பிழையில்லை.

*

பயிற்சியால் இவ்வளவு சம்பாதிக்கலாம் என்றால் எடைப்பிரிவுகள் எதற்கு? 50 கிலோ நிபுணரை 90 கிலோ நிபுணரோடு மோதவிட்டால் என்ன?

விடை, அடிக்கிறவரின் கையைவிட வாங்குகிறவரின் தலையில் இருக்கிறது. உடல் எடை 50இலிருந்து 90 ஆகும்போது கையின் நிறையும் அதே விகிதத்தில் ஏறத்தாழக் கூடும். தலை அப்படிக் கூடுவதில்லை. பெரிய ஆளுக்கும் சின்ன ஆளுக்கும் தலை ஏறக்குறைய ஒரே 5 கிலோ, கழுத்துத்தான் தடிக்கும். எடை ஏற ஏற, சுத்தியல் வளர்கிறது, தேங்காய் அதேதான். மேல் எடைப்பிரிவுகளில் ஆட்கள் அடிக்கடி மயங்கி விழுவதில் வியப்பில்லை.

மூன்று கிலோ வித்தியாசம்கூடச் சின்ன விஷயமில்லை என்பதற்கு மேரி கோம் சாட்சி. 2002 முதல் 2010 வரை அவர் வென்ற ஐந்து உலகப் பட்டங்களும் 45, 46, 48 கிலோப் பிரிவுகளில். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது மூன்றே பிரிவுகள்: 51, 60, 75. ஐந்தடி இரண்டங்குலப் பெண், இயல்பாகவே தன்னைவிடக் கனமானவர்கள் நிறைந்த 51க்கு ஏற வேண்டியிருந்தது. அரையிறுதியில் பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸிடம் 6க்கு 11 என்று தோற்று வெண்கலத்தோடு வந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 2018இல், 48 கிலோவுக்குத் திரும்பி ஆறாவது உலகப் பட்டத்தை வென்றார். அப்போது அவர் முப்பதுகளின் நடுவில் இருந்தார். மேலே ஏறியபோது அவர் குத்து குறையவில்லை. அதை வாங்குகிற உடம்புதான் மாறியிருந்தது.

கையுறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதைப் பலர் தலைக்கான காப்பு என்று நினைக்கிறார்கள். பஞ்சு மோதலின் நேரத்தைச் சற்று நீட்டுகிறது. அதனால் உச்ச விசை குறைகிறது, தோல் கிழிவதும் குறைகிறது. ஆனால் தலைக்குப் போகும் உந்தம் குறைவதில்லை. கை எலும்பு உடையும் பயம் போய்விடுவதால் வெறுங்கையால் யாரும் துணியாத பலத்தோடு தலையையே குறிவைக்கத் துணிகிறார்கள். வெறும் முஷ்டியால் நெற்றியைக் குத்தியவர்களுக்குச் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிவது எவ்வளவு சாதாரணம் என்பதை எலும்பு மருத்துவர்களைக் கேட்டால் தெரியும். அந்த முறிவுக்குப் பெயரே 'பாக்ஸர் முறிவு'.

*

தீர்த்தமலையிலிருந்து திரும்பும் வழியில் தென்பெண்ணைக் கரையில் அனுமன் தீர்த்தம் இருக்கிறது. தலக்கதை தெரிந்ததுதான். பூஜைக்குக் காசியிலிருந்து தீர்த்தம் கொண்டுவரப் போன அனுமன் வரத் தாமதமாகிறது. ராமர் பாறையில் அம்பெய்து அங்கேயே நீர் வரவழைத்துக்கொள்கிறார். அதுதான் மேலே விழுகிற ராமர் தீர்த்தம். பிறகு வந்துசேர்ந்த அனுமன், தான் கொண்டுவந்த நீர் வேண்டியிருக்கவில்லை என்று கண்டு கோபத்தில் வீசியெறிகிறார். அது வந்து விழுந்த இடம் இது.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து, அரூர்ப் பேருந்துக்காகக் காத்திருந்தபோது இந்த இரண்டு தீர்த்தங்களையும் குத்தின் கணக்கில் போட்டுப் பார்த்தேன். மேலே, ராமரின் நீர் அம்பு துளைத்த வழியே துளித்துளியாக இறங்கி, நிற்பவர்கள் தலையில் வழிந்து போகிறது. அனுமன் ஊற்றவில்லை. குடத்தோடு எறிந்திருக்கிறார்.